ஹார்மோனைக் குலைக்கும் வேதிப்பொருட்கள்: எது உண்மையான கவலை, வீட்டில் எதை மாற்றலாம்

"பிளாஸ்டிக் டப்பாவில் சாப்பிட்டால் ஹார்மோன் கெட்டுவிடும்" என்று ஒருவர் சொல்வார். "இத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறோம், என்ன ஆகிவிட்டது?" என்று இன்னொருவர் கேட்பார். பேச்சு பெரும்பாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஒரு பக்கம் எல்லாமே விஷம் என்ற பயம். மறுபக்கம் இம்மியளவு என்ன செய்துவிடப் போகிறது என்ற அலட்சியம். இருவரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள்: இந்தப் பொருட்களை விஷக் கணக்கில் எடைபோடுகிறார்கள். இவை வேலை செய்யும் விதமே வேறு. அது புரிந்தால் எதற்குக் கவலைப்படுவது, எதை விட்டுவிடுவது, வீட்டில் எங்கே கைவைப்பது என்பதைத் தீர்மானிப்பது சுலபம்.

## ஹார்மோன் ஒரு சேதி

பள்ளிக்கூட மணியை நினைத்துக்கொள்ளுங்கள். மணி பாடம் நடத்துவதில்லை, பரீட்சை வைப்பதில்லை. ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் அதைக் கேட்டதும் ஆயிரம் பிள்ளைகள் எழுகிறார்கள். ஒரு வகுப்பு விளையாடப் போகிறது, இன்னொரு வகுப்புக்குள் அடுத்த ஆசிரியர் நுழைகிறார். மணியின் சக்தி சத்தத்தின் அளவில் இல்லை, அதைக் கேட்டு நடக்கக் காத்திருப்பவர்களிடம் இருக்கிறது. இப்போது வெளியாள் ஒருவர் பரீட்சை நடுவில் மணியை அடித்துவிட்டார் என்று வையுங்கள். கட்டடம் இடியவில்லை, யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் அந்தப் பரீட்சை குலைந்துபோனது. அதே மணியை எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு அடித்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. விஷம் கட்டடத்தை இடிப்பது. நாம் பேசப்போவது தவறான நேரத்தில் மணியை அடிக்கும் பொருட்களைப் பற்றி.

சரி, உடலுக்கு வருவோம். தைராய்டு, கணையம், அட்ரினல், சினைப்பை, விந்தகம் போன்ற சுரப்பிகள் தாங்கள் உண்டாக்கும் பொருளைக் குழாய் எதுவுமின்றி நேரடியாக ரத்தத்தில் கலக்கின்றன. அதனால் இவற்றுக்கு நாளமில்லாச் சுரப்பிகள் என்று பெயர். இவை ரத்தத்தில் விடும் வேதிச் சேதிதான் ஹார்மோன். வளர்ச்சி, பசி, தூக்கம், பருவமடைதல், கருத்தரித்தல், மூளையின் உருவாக்கம் என்று உடலின் நீண்டகாலக் காரியங்கள் பலவற்றை இந்தச் சேதிகளே நடத்துகின்றன.

ரத்தம் எல்லா இடத்துக்கும் போகிறது. ஆனால் சேதி எல்லோருக்கும் இல்லை. அந்த ஹார்மோனுக்கான ஏற்பி இருக்கும் செல் மட்டுமே அதைக் கேட்கும். ஏற்பி என்பது செல்லின் மேற்பரப்பிலோ உள்ளேயோ இருக்கும் ஒரு புரதம். குறிப்பிட்ட வடிவமுள்ள மூலக்கூறு வந்து ஒட்டிக்கொள்ள அதில் ஒரு குழி இருக்கும். ஈஸ்ட்ரோஜென் என்ற பெண்மை ஹார்மோனை எடுத்துக்கொண்டால், அது செல்லுக்குள் நுழைந்து ஏற்பியில் ஒட்டுகிறது. இரண்டும் சேர்ந்து டிஎன்ஏவில் போய் அமர்கின்றன. சில மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன, சில நிறுத்துகின்றன. ஒரே ஒரு ஒட்டுதலால் பல புரதங்கள் பெருமளவில் உருவாகலாம். அதனால்தான் ஹார்மோன் மிகச் சிறிய அளவில் போதும். ஈஸ்ட்ரடயோல் என்ற முக்கிய ஈஸ்ட்ரோஜெனை ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு இத்தனை பிக்கோகிராம் என்றுதான் அளக்கிறார்கள். ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு.

இதுவரை சொன்னதில் இரண்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஹார்மோன் ஒரு சேதி. அதைக் கேட்க ஏற்பி வேண்டும். உடலின் இயல்பான சேதியே இவ்வளவு குறைந்த அளவில் ஓடுவதால், "இம்மியளவுதானே" என்ற வாதம் இங்கே தானாகச் செல்லுபடியாகாது.

## வெளியாள் எப்படி நுழைகிறார்

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கிய வேதிப்பொருள் பாதுகாப்புத் திட்டம் 2002இல் ஒரு வரையறையைத் தந்தது. அதன் சாரம்: உடலுக்கு வெளியிலிருந்து வந்து, நாளமில்லாச் சுரப்பி மண்டலத்தின் வேலையை மாற்றி, அந்த மாற்றத்தால் அந்த உயிருக்கோ அதன் சந்ததிக்கோ கேடு விளைவிக்கும் பொருள் அல்லது கலவைதான் ஹார்மோன் குலைப்பி. வேலையை மாற்றுவது மட்டும் போதாது, அதனால் கேடு விளைய வேண்டும். பேச்சுவாக்கில் இந்தப் பாதி எப்போதும் காணாமல் போய்விடுகிறது.

குலைப்பது பல விதம். ஹார்மோனைப் போல நடித்து ஏற்பியில் ஒட்டி, இல்லாத சேதியைச் சொல்வது ஒன்று. ஈஸ்ட்ரோஜென் ஏற்பியின் குழி இதற்கு ரொம்பவே வசதியானது. அது ஈஸ்ட்ரடயோல் மூலக்கூறுக்குத் தேவையானதைவிட நன்றாகவே அகலமாக இருப்பதால், ஓரளவு ஒத்த வடிவமுள்ள பல பொருட்கள் அதில் நுழைந்துவிடுகின்றன. பிஸ்பீனால் ஏ அப்படிப்பட்டது, சுருக்கமாகப் பிபிஏ. 1936இலேயே சார்லஸ் டாட்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியின் குழு அதன் ஈஸ்ட்ரோஜென் குணத்தைக் கண்டுவிட்டது. கெட்டியான, கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின் மூலப்பொருளாக அது பெரிய அளவில் உற்பத்தியானதெல்லாம் அதற்குப் பிறகுதான். தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது.

இன்னொரு விதம், ஏற்பியில் போய் உட்கார்ந்துகொண்டு சேதி எதுவும் சொல்லாமல் உண்மையான ஹார்மோனுக்கு இடம் விடாமல் இருப்பது. டிடிடி பூச்சிக்கொல்லி சிதைந்து வரும் டிடிஈ, ஆண்மை ஹார்மோனின் ஏற்பியை இப்படி அடைக்கிறது. மூன்றாவது, உற்பத்தியிலேயே கைவைப்பது. தைராய்டு ஹார்மோனுக்கு அயோடின் தேவை. பெர்குளோரேட் என்ற உப்பு, அயோடின் தைராய்டுக்குள் நுழையும் வழியை மறித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட்டுகளில் சில, கருவிலுள்ள ஆண் குட்டியின் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்மை ஹார்மோன் உற்பத்தியைக் குறைப்பதை எலிகளில் தெளிவாகக் கண்டிருக்கிறார்கள். நான்காவது, ஹார்மோனை ரத்தத்தில் சுமந்துசெல்லும் புரதங்களிலும் அதை அழிக்கும் நொதிகளிலும் குறுக்கிடுவது. பழைய சோபா மெத்தைகளில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த பிபிடிஇ என்ற புரோமின் சேர்மங்களைப் பாருங்கள். தைராய்டு ஹார்மோனில் அயோடின் இருக்கும் இடத்தில் இவற்றில் புரோமின் இருக்கிறது. மற்றபடி உருவம் நெருங்கிய சாயல்.

## அளவு மட்டும் இல்லை, நேரமும்

எனக்கு இந்தத் துறையிலேயே முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான். டிஇஎஸ் என்ற மருந்தின் கதையைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது.

பிபிஏவை ஆராய்ந்த அதே டாட்ஸ் 1938இல் டிஇஎஸ் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜெனை உருவாக்கினார். கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் 1940களிலிருந்து பல நாடுகளில் கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுத்தார்கள். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகம் நடத்திய சோதனை, அதனால் பயனே இல்லை என்று காட்டியது. ஆனாலும் கொடுப்பது நிற்கவில்லை. 1971இல் பாஸ்டன் மருத்துவர்கள், இளம்பெண்களுக்கு வந்த மிக அரிதான ஒரு பிறப்புறுப்புப் புற்றுநோயை ஆராய்ந்தபோது, அவர்களில் ஏறக்குறைய எல்லோருடைய தாய்மார்களும் கர்ப்ப காலத்தில் டிஇஎஸ் எடுத்துக்கொண்டவர்கள் என்று தெரிந்தது. பிற்பாடு அந்த மகள்களில் பலருக்குக் கருப்பையின் வடிவமே மாறியிருந்ததும், கருத்தரிப்பதிலும் கருவைத் தாங்குவதிலும் சிக்கல் இருந்ததும் வெளியே வந்தன.

மாத்திரை சாப்பிட்டது தாய். அவருக்கு உடனடியாகத் தெரிந்த கேடு எதுவும் இல்லை. வயிற்றில் இருந்த குழந்தைக்கு, அதுவும் இருபது ஆண்டு கழித்து, விளைவு தெரிகிறது. ஏனென்றால் வளர்ந்த உடலில் ஹார்மோன் சேதி ஒரு வேலையைக் கூட்டும், குறைக்கும். சேதி நின்றதும் உடல் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். கருவில் அப்படி இல்லை. அங்கே ஹார்மோன், உறுப்பு எப்படிக் கட்டப்பட வேண்டும் என்றே சொல்கிறது. கட்டி முடித்ததைப் பிரித்துத் திரும்பக் கட்ட முடியாது. ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு அமைப்பு கருவின் முதல் சில மாதங்களில் டெஸ்டோஸ்டிரோனால் தீர்மானிக்கப்படுகிறது. அதே காலத்தில் கருவுக்குச் சொந்தத் தைராய்டு இன்னும் வேலை செய்யாது. மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோனையே நம்பியிருக்கிறது. இப்படிப்பட்ட குறுகிய காலகட்டங்களை உணர்திறன் சாளரங்கள் என்கிறார்கள். கருக்காலம், பிறந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகள், பருவமடையும் காலம் ஆகியவை அவற்றில் முக்கியமானவை.

அளவு விஷயத்துக்கு வருவோம். நச்சியலின் பழைய விதி, அளவுதான் விஷத்தைத் தீர்மானிக்கிறது என்பது. அதன்படி நிறையக் கொடுத்துப் பார்த்து, கேடு தெரியும் அளவிலிருந்து கீழே இறங்கி, பாதுகாப்பான அளவைக் கணக்கிடுவார்கள். பெரும்பாலான பொருட்களுக்கு இது சரியாகவே வரும். ஹார்மோன் போல நடிக்கும் பொருட்களில் சில சமயம் வராது. அளவு மிக அதிகமானால் செல் தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும், சேதியைக் கேட்பதையே நிறுத்திவிடும். அதனால் நடுவிலோ கீழேயோ உள்ள ஓர் அளவில் தெரியும் விளைவு, உச்ச அளவில் தெரியாமல் போகலாம். மேலே மட்டும் சோதித்தால் கீழே நடப்பது தப்பிவிடும்.

பிபிஏவின் பாதுகாப்பு வரம்பு மாறிய விதத்தில் இந்த இழுபறியைப் பார்க்கலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல், உடல் எடை ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராம் வரை சரி என்றது. 2023இல் அதையே 0.2 நானோகிராம் ஆக்கியது. 20,000 மடங்கு குறைவு. நோய் எதிர்ப்பு மண்டலத்தில் எலிகளுக்குக் கண்ட மாற்றமே அதற்கு அடிப்படை. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே அறிவியல் இங்கே முடிந்துபோன விஷயம் என்று சொல்பவர், எந்தப் பக்கத்தில் நின்று சொன்னாலும், மிகைப்படுத்துகிறார். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில், உணவைத் தொடும் பொருட்களில் பிபிஏவைத் தடைசெய்யும் விதியை ஏற்றது.

சுருக்கிச் சொன்னால்: அதே பொருள், அதே அளவு, ஆனால் கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் ஐம்பது வயதுக்காரருக்கும் ஒரே விளைவைத் தராது. வீட்டில் முன்னுரிமை யாருக்கு என்பதை இதிலிருந்தே முடிவு செய்துகொள்ளலாம்.

## ஆய்வகத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்ட பொருட்கள்

ஹார்மோன் குலைப்பி என்ற சொல்லே 1991இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் பிறந்தது. தியோ கோல்போர்ன் என்ற விலங்கியலாளர், பறவைகளையும் மீன்களையும் மனிதர்களையும் தனித்தனியாக ஆராய்ந்துகொண்டிருந்தவர்களை ஒரே மேசையில் உட்காரவைத்தார். அதற்கு முன்பே தடயங்கள் சேர்ந்துகொண்டிருந்தன. கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கப் பூசிய ட்ரைபியூட்டைல்டின் சாயம், லிட்டருக்குச் சில நானோகிராம் கடலில் கலந்ததிலேயே பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பை முளைக்கவைத்தது. அது போன்றவற்றைவிட, தற்செயலாக நடந்த இரண்டு சம்பவங்களே இந்த விஷயத்தை நன்றாக விளக்குகின்றன என்பது என் எண்ணம்.

பாஸ்டனின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோவும் கார்லோஸ் சோனன்ஷைனும், ஈஸ்ட்ரோஜென் இருந்தால் மட்டுமே பெருகும் மார்பகப் புற்றுச் செல்களை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். 1980களின் இறுதியில் ஒருநாள், ஈஸ்ட்ரோஜென் சேர்க்காத தட்டுகளிலும் செல்கள் பெருகின. யாரோ தவறுதலாகக் கலந்துவிட்டார்கள் என்று முதலில் நினைத்தார்கள். நீண்ட துப்பறிதலுக்குப் பிறகு காரணம் பிடிபட்டது: அவர்கள் பயன்படுத்திய பிளாஸ்டிக் குழாய்களிலிருந்து நோனைல்ஃபீனால் என்ற பொருள் கசிந்திருந்தது.

இரண்டாவது, 1998இல் பட்ரிஷியா ஹன்ட் என்ற அமெரிக்க மரபியலாளரின் ஆய்வகத்தில் நடந்தது. எந்தச் சோதனைக்கும் உட்படாத சாதாரண எலிகளின் முட்டைகளில் திடீரென்று குரோமோசோம் கோளாறுகள் பல மடங்கு கூடின. தேடிப் பார்த்தால், பாலிகார்பனேட் கூண்டுகளையும் தண்ணீர் பாட்டில்களையும் தரை துடைக்கும் கடுமையான சோப்புக் கரைசலில் கழுவியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் அரிக்கப்பட்டு, பிபிஏ வெளியேறி, எலிகளின் உடலில் சேர்ந்திருக்கிறது. 2003இல் இதை வெளியிட்டார்கள். பிளாஸ்டிக் என்பது அசையாமல் கிடக்கும் ஜடம் இல்லை. சூடும், அரிப்பும், பழசாவதும் அதிலிருந்து பொருளை வெளியே தள்ளும். நம் சமையலறைக்கு இதைவிட நேரடியான பாடம் கிடையாது.

செயற்கையானது மட்டும்தான் இப்படிச் செய்யும் என்றும் இல்லை. 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வகை குளோவர் தீவனத்தை மேய்ந்த ஆடுகள் கூட்டம் கூட்டமாக மலடாயின. அந்தச் செடியில் இயற்கையாகவே ஈஸ்ட்ரோஜென் போன்ற பொருட்கள் இருந்ததுதான் காரணம். "இயற்கையானது" என்று லேபிளில் எழுதியிருப்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

மனிதர்களைப் பற்றிய சான்று வேறு மாதிரியானது. கர்ப்பிணிகளுக்கு வேண்டுமென்றே இந்தப் பொருட்களைக் கொடுத்துச் சோதிக்க முடியாது, கூடாது. ஆகவே சிறுநீரிலும் ரத்தத்திலும் உள்ள அளவை அளந்து, பிறகு வரும் மாற்றங்களோடு பொருத்திப் பார்க்கிறார்கள். ஷானா ஸ்வான் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வு அப்படிப்பட்டது: தாயின் சிறுநீரில் சில தாலேட் எச்சங்கள் அதிகமாக இருந்தபோது, ஆண் குழந்தைகளின் பிறப்புறுப்பு அளவுகளில், எலிகளில் கண்டதை ஒத்த மாற்றங்கள் தெரிந்தன. இத்தகைய தொடர்பு மட்டுமே காரணத்தை நிரூபித்துவிடாது. விலங்குச் சோதனை, செல் சோதனை, மனிதத் தொடர்பு மூன்றும் ஒரே திசையைக் காட்டும்போது சந்தேகம் வலுக்கிறது. அதே நேரம், உங்கள் சிறுநீரில் பிபிஏ இருப்பது உங்களுக்கு நோய் இருப்பதற்கான அடையாளம் இல்லை. இன்று சோதித்தால் பெரும்பாலானோரிடம் இருக்கும்.

## வந்து போவதும் தங்கிவிடுவதும்

ஒரு பொருளின் அளவு உடலில் பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்தை அரை ஆயுள் என்பார்கள். வீட்டு மாற்றங்களைத் திட்டமிட இந்த ஒரு சொல் போதும்.

பிபிஏ, தாலேட்டுகள், பாரபென் என்ற பதப்படுத்திகள் ஆகியவற்றின் அரை ஆயுள் சில மணி நேரம்தான். கல்லீரல் மாற்றியமைத்து, சிறுநீரகம் ஓரிரு நாளில் வெளியேற்றிவிடும். அப்படியிருந்தும் எல்லோரிடமும் எப்போதும் இருப்பது ஏன்? தினமும் புதிதாக உள்ளே போவதால். இதில் ஒரு நல்ல சேதி ஒளிந்திருக்கிறது: வரத்து நின்றால் அளவு உடனே இறங்கும்.

இதை நேரடியாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2011இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஐந்து குடும்பங்களுக்கு மூன்று நாட்கள், டின்னிலோ பிளாஸ்டிக்கிலோ அடைக்காத புதிய உணவைக் கொடுத்தார்கள். சிறுநீரில் பிபிஏ சராசரியாக 66% குறைந்தது. டிஇஹெச்பி என்ற தாலேட்டின் எச்சம் பாதிக்கும் மேல் குறைந்தது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் இரண்டும் ஏறிவிட்டன. அதே ஆண்டு ஹார்வர்டு ஆய்வாளர்கள் எதிர்த்திசையில் பார்த்தார்கள்: 75 பேர் ஐந்து நாட்கள் தினமும் ஒரு கிண்ணம் டின் சூப் குடித்தபோது, புதிதாகச் செய்த சூப் குடித்த நாட்களைவிடப் பிபிஏ பத்து மடங்குக்கும் மேல் இருந்தது. டின்னின் உட்பூச்சுதான் அங்கே மூலம். 2016இல் வெளியான கலிபோர்னிய ஆய்வில் 100 பதின்வயதுப் பெண்கள் மூன்று நாட்கள் மட்டும் அழகுசாதனங்களையும் சோப்பு, ஷாம்பு போன்றவற்றையும் மாற்றினார்கள். மீத்தைல் பாரபென் 44% குறைந்தது, வாசனைப் பொருட்களில் வரும் ஒரு தாலேட்டின் எச்சம் 27% குறைந்தது.

தங்கிவிடும் பொருட்கள் வேறு ஜாதி. டிடிடி, பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த பிசிபி, பிபிடிஇ ஆகியவை கொழுப்பில் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஒட்டாத பாத்திரம், நீர் ஒட்டாத துணி, கறை பிடிக்காத விரிப்பு ஆகியவற்றுக்காகத் தயாரித்த பிஎஃப்ஏஎஸ் குடும்பத்தில் சில, ரத்தப் புரதங்களில் ஒட்டிக்கொண்டு சில ஆண்டு அரை ஆயுளோடு இருக்கும். இவற்றை மூன்று நாளில் குறைக்க எந்த வழியும் இல்லை.

ஆக, நாள்தோறும் வந்து போவதை வீட்டுப் பழக்கத்தால் கணிசமாகக் குறைக்கலாம். தங்கிவிடுவதைப் புதிதாகச் சேராமல் தடுக்கத்தான் முடியும்.

## வீட்டில் எங்கே கைவைப்பது

முதலில் சமையலறை, அதிலும் சூடு. பிளாஸ்டிக்கில் சுடச்சுட ஊற்றாதீர்கள், பிளாஸ்டிக்கில் வைத்து மைக்ரோவேவில் சூடாக்காதீர்கள். சூடு, எண்ணெய், புளிப்பு, நீண்ட நேரம் ஆகிய நான்கும் கசிவைக் கூட்டுபவை. நான்கும் சேர்ந்தால் மோசம். "மைக்ரோவேவுக்கு ஏற்றது" என்ற முத்திரை அந்தப் பாத்திரம் உருகாது, நெளியாது என்பதற்குத்தான் முக்கியமாகப் பொறுப்பேற்கிறது. உணவுக்குள் எதுவுமே வராது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. சூடான உணவுக்குக் கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர். ஆறிய, உலர்ந்த பொருட்களைப் பிளாஸ்டிக்கில் வைத்தால் பெரிய கவலை இல்லை. கீறல் விழுந்து மங்கிப்போன டப்பாக்களை உணவிலிருந்து விலக்கி வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். தண்ணீர் விற்கும் மெல்லிய பாட்டில்கள் பெரும்பாலும் பெட் என்ற பிளாஸ்டிக். அடியில் 1 என்று இருக்கும். அதைப் பிபிஏ வைத்துச் செய்வதில்லை, தாலேட் மென்மையாக்கியும் அதற்குத் தேவையில்லை. பிபிஏ சம்பந்தப்பட்டது கெட்டியான பாலிகார்பனேட். அது 7 என்ற எண்ணுள்ள கலவைக் கூட்டத்தில் வரும். தாலேட் அதிகம் இருப்பது வளையும் பிவிசியில், அதன் எண் 3. எல்லாப் பிளாஸ்டிக்கையும் ஒரே மூட்டையில் கட்டிப் பயப்பட வேண்டியதில்லை.

அடுத்து வாசனை. லேபிளில் "வாசனைப் பொருள்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல டஜன் பொருட்கள் அடங்கலாம். தாலேட் அதில் ஒன்றாக இருந்தால் தனியாக எழுதப்படாமலே போகலாம். சோப்பு, லோஷன், துணி மென்மையாக்கி, அறை மணமூட்டி ஆகியவற்றில் வாசனை சேர்க்காததைத் தேர்ந்தெடுப்பது ஒரே அடியில் பலவற்றைக் குறைக்கும். குழந்தைகளுக்கானதில் முதலில் மாற்றுங்கள். கிருமிநாசினிச் சோப்பு தேவையே இல்லை. அவற்றில் சேர்த்துவந்த ட்ரைக்ளோசானை, சாதாரணச் சோப்பைவிடப் பயனுள்ளது என்று நிறுவனங்கள் நிரூபிக்காததால், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கைகழுவும் சோப்புகளிலிருந்து 2016இல் விலக்கியது.

பலர் நினைத்தே பார்க்காத இடம் தூசி. மெத்தை, விரிப்பு, மின்னணுப் பொருட்கள், வினைல் தரை ஆகியவற்றிலிருந்து தேய்ந்து உதிர்வதெல்லாம் கடைசியில் வீட்டுத் தூசியில் சேர்கிறது. தவழும் குழந்தை தரையில் கை வைத்து, அந்தக் கையை வாயில் வைக்கிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் தீத்தடுப்பு வேதிப்பொருட்கள் அதிகம் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உலர்ந்த துடைப்பத்தால் கிளப்பிவிடாமல் ஈரத் துணியால் துடைப்பதும், சாப்பிடுமுன் கை கழுவுவதும் காசு செலவில்லாத, உண்மையிலேயே பலன் தரும் வழிகள்.

ரசீதுத் தாள் சின்ன விஷயம்தான், ஆனால் நாள் முழுக்க அதைக் கையாளும் வேலையில் இருப்பவர்களுக்குச் சின்னது இல்லை. வெப்பத்தால் அச்சாகும் தாளில் பிபிஏவோ அதன் உறவினரோ பொடியாகப் பூசப்பட்டிருக்கும். சானிடைசர் போட்ட கையோடு தொட்டால் தோல் வழியே அதிகம் ஊடுருவும். சானிடைசரில் உள்ள சில பொருட்கள் தோலின் தடையைத் தளர்த்துகின்றன.

குடிநீரில் பிஎஃப்ஏஎஸ் கலந்த பகுதியில் இருப்பவர்கள் கவனிக்க: கொதிக்கவைப்பதால் அது போகாது, நீர் ஆவியாவதால் செறிவு கூடத்தான் செய்யும். ஆர்ஓ வடிகட்டியும், நேரத்துக்கு மாற்றப்படும் கரி வடிகட்டியும் கணிசமாகக் குறைக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024இல் இந்தக் குடும்பத்தின் இரண்டு முக்கியப் பொருட்களுக்கு வைத்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம்.

## செய்யத் தேவையில்லாதவை

பயத்தை வைத்து வியாபாரம் நடக்கும் இடம் இது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். "நச்சு நீக்கும்" தேநீர், பொடி, பட்டினி எதுவும் வேண்டாம். வந்து போகும் பொருட்களைக் கல்லீரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே வெளியேற்றிக்கொண்டிருக்கின்றன. தங்கும் பொருட்களை அந்தப் பொடி தொடுவதில்லை.

தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். தாய்ப்பாலில் இப்பொருட்கள் சில அளவிடும்படி இருப்பது உண்மை. அப்படியிருந்தும் உலக சுகாதார நிறுவனம் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்றே சொல்கிறது, காரணம் அதன் நன்மை பெரிது. மருத்துவர் தந்த மருந்தையோ ஹார்மோன் சிகிச்சையையோ நீங்களாக விடாதீர்கள். மருத்துவமனையில் ரத்தப் பையிலும் குழாயிலும் தாலேட் உண்டு. உயிர் காக்கும் சிகிச்சையை அதற்காக மறுப்பது விபரீதம். சன்ஸ்கிரீன் தேவைப்படுபவர்கள் அதை விட வேண்டாம். சில சன்ஸ்கிரீன்களில் உள்ள ஆக்ஸிபென்சோன் பற்றித் தயக்கம் இருந்தால் துத்தநாக ஆக்ஸைடு உள்ளதை வாங்கலாம். வீட்டில் உள்ள எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கியெறிந்து புதிதாக வாங்குவதும் வேண்டாம். உடைந்ததும் தீர்ந்ததும் மாற்றும்போது பார்த்து வாங்கினால் போதும்.

## தனி ஒருவரால் முடியாத பாதி

2013இல் வெளியான ஒரு சியாட்டில் ஆய்வு என்னை ரொம்பவும் யோசிக்கவைத்தது. சில குடும்பங்களுக்கு ஐந்து நாட்கள், பிளாஸ்டிக்கைத் தொடாமல் சமைத்த புதிய உணவைக் கொடுத்தார்கள். டிஇஹெச்பி எச்சம் குறைய வேண்டும். ஆனால் இருபது மடங்குக்கும் மேல் கூடியது. சமைத்த பொருட்களைச் சோதித்தபோது அரைத்த கொத்தமல்லித் தூளிலும் பால் பொருட்களிலும் அந்தத் தாலேட் இருந்தது. வீட்டுக்கு வருவதற்கு முன்பே, உற்பத்தியிலோ பதப்படுத்தலிலோ எங்கோ கலந்துவிட்டது. எவ்வளவு கவனமாக இருக்கும் குடும்பமும் இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு சிக்கல், மாற்றுப் பொருள். பிபிஏவுக்கு எதிர்ப்பு வந்ததும் "பிபிஏ இல்லை" என்ற முத்திரையோடு பொருட்கள் வந்தன. அவற்றில் பலவற்றில் பிபிஎஸ், பிபிஎஃப் என்ற நெருங்கிய உறவினர்கள் இருந்தார்கள். செல் சோதனைகளில் அவையும் பிபிஏவை ஒத்த ஹார்மோன் குணத்தையே காட்டின. ஒவ்வொரு மூலக்கூறாகத் தடைசெய்தால் அடுத்த உறவினர் அந்த இடத்துக்கு வந்துகொண்டே இருப்பார். குடும்பமாகச் சேர்த்துக் கட்டுப்படுத்த வேண்டும் என்று இத்துறை விஞ்ஞானிகள் பலர் வாதிடுவது இதனால்தான். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

அப்படிக் கட்டுப்படுத்தினால் பலன் கிடைக்கிறதா என்பதற்கு ஸ்வீடனில் ஒரு பதிவு உண்டு. அங்கே 1970களிலிருந்து தாய்ப்பால் மாதிரிகளைச் சேமித்து வந்தார்கள். அவற்றைச் சோதித்தபோது, 1972 முதல் 1997 வரை பிபிடிஇ அளவு ஏறக்குறைய ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகி வந்தது தெரிந்தது. அந்தப் பொருட்களின் பயன்பாட்டைக் கைவிடத் தொடங்கிய பிறகு தாய்ப்பாலில் இருந்த அளவும் இறங்கத் தொடங்கியது. அந்தத் தாய்மார்கள் யாரும் தங்கள் சோபாவில் என்ன இருக்கிறது என்று லேபிளைப் படித்துப் பார்த்ததால் அது நடக்கவில்லை. அதைச் சேர்ப்பதே நின்றுபோனதால் நடந்தது.